எக்காரணம் கொண்டும்

ஜூன் 3, செவ்வாய்

ஒருவர் கையில் புத்தகம் விரிந்திருக்கிறது. கண் அதன்மேல் இருக்கிறது. அவர் படிக்கிறாரா, இல்லையா? எனக்குத் தெரியவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகளாக நூலகராக இருக்கிறேன். வரலாற்றில் ஒரு முதுகலை, நூலக அறிவியலில் ஒரு முதுகலை. ஆனாலும் இதற்கு என்னிடம் விடை இல்லை. இன்று காலைத் தபாலில் வந்த சுற்றறிக்கையைப் பார்த்த பிறகுதான் இது எனக்கே உறைத்தது.

வாசிப்புச் சுதந்திரப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. இரண்டே பிரிவுகள்.

ஒன்று: நூலகத்திலுள்ள எந்த நூலையும் எவரும் எக்காரணம் கொண்டும் வாசகர் பார்வையிலிருந்து அகற்றக் கூடாது.

இரண்டு: வாசித்துக்கொண்டிருக்கும் எவரையும் எவரும் எக்காரணம் கொண்டும் தடுக்கவோ, இடையூறு செய்யவோ, அவர் கையிலுள்ளதைப் பறிக்கவோ கூடாது.

மீறினால் நூலகர் பொறுப்பு. கூடவே ஒரு படிவம். ஞாயிறுதோறும் நிரப்பி அனுப்ப வேண்டும். வருகை தந்தோர் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று: 'உண்மையில் வாசிப்போர்'.

நோக்கம் நல்லதுதான் என்று நினைக்கிறேன். நடையும் மோசமில்லை.

வீட்டில் மிக்ஸி ஜாடி சுற்றவில்லை. துவையல் இல்லாமல் தோசை.

ஜூன் 5, வியாழன்

எங்கள் வெள்ளப்பேரி கிளை நூலகம் ஒரே கூடம். மூன்று மின்விசிறிகள், இரண்டு சுற்றும். சுற்றுகிற இரண்டில் ஒன்றுக்குக் கீழே உள்ள நாற்காலி தளவாய் சாருடையது. நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். காலை எட்டு மணிக்கு வருவார், நாளிதழை விரிப்பார், எட்டேகாலுக்கு நாளிதழ் அவர் நெஞ்சின்மேல் ஏறி இறங்கத் தொடங்கும். பதினொன்றரைக்கு மதிய இடைவேளைக்காகப் பூட்ட உதவியாளர் இசக்கியப்பன் சாவிக்கொத்தை ஆட்டுவார், தளவாய் சார் எழுந்து போவார். பத்து வருடப் பழக்கம்.

இன்று சாவிக்கொத்து ஆடியதும் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"இசக்கி, பிரிவு ரெண்டு."

"சார், நீங்க தூங்கிட்டுல்லா இருந்திய?"

"படிச்சத அசை போட்டுக்கிட்டிருந்தேன். நீரு இப்பம் இடையூறு பண்ணிட்டீரு. மொதத் தடவங்கதால விடுதேன்."

இசக்கியப்பன் என்னைப் பார்த்தார். நான் சுற்றறிக்கையைப் பார்த்தேன். பன்னிரண்டே முக்காலுக்குத்தான் பூட்டினோம். இசக்கியப்பனுக்கு 11.40 பேருந்து போய்விட்டது. "இந்தச் சட்டத்த எழுதுனவங்க கையில இந்தச் சாவிய ஒரு வாரம் குடுக்கணும் மேடம்" என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

படிவம் அனுப்பினேன். வந்தோர் 214. பக்கத்துக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

ஜூன் 9, திங்கள்

மாவட்ட அதிகாரி கோகுலநாதன் தொலைபேசியில் வந்தார்.

"புத்தகத்த வீட்டுக்குக் குடுக்குறத நிறுத்திருங்கம்மா."

"ஏன் சார்?"

"ஒருத்தர் வீட்டுக்குக் கொண்டுபோனா மத்த வாசகர் பார்வையிலேர்ந்து அகன்றிடுதே? பிரிவு ஒண்ணு. சட்டத்துறையில கேட்டுட்டேன். எக்காரணம் கொண்டும்னா எக்காரணம் கொண்டும்தானாம்."

"இரவல் கொடுக்காவிட்டால் அது நூலகமா சார்?"

"அங்கேயே உக்காந்து படிக்கட்டும். ஃபேன் இருக்குல்ல?"

இரண்டுதான் சுற்றுகிறது என்று சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

மாலை பிரம்மசக்தி வந்தாள். வயது முப்பத்து மூன்று. பீடி சுற்றுகிறாள். அஞ்சல் வழியில் பட்டம் வாங்கியவள். ஜூலை 6 அன்று அரசுப் பணிக்கான தேர்வு. அவளுக்கு இது கடைசி வாய்ப்பு; அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். நாள்தோறும் ஆயிரம் பீடி கடையில் போட வேண்டும். ஆகவே மடியில் பீடி சுற்றும் சுளகு, எதிரே சாய்த்து வைத்த புத்தகம் என்று வீட்டில்தான் படிப்பாள். பொது அறிவுத் தொகுப்பில் முதல் பாகத்தைத் திருப்பித் தந்துவிட்டு இரண்டாம் பாகத்துக்குக் கை நீட்டினாள். கொடுக்க முடியாது என்றேன்.

"மேடம் வெளையாடுதீங்களா?"

"சட்டம் மாறிடுச்சு. இங்கேயே உட்கார்ந்து படிக்கலாம்."

"இங்கன உக்காந்தா பீடிய யாரு சுத்துவா?"

சுளகை இங்கே கொண்டுவரட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் சுவரில் நானே எழுதி மாட்டிய பலகை இருக்கிறது: 'எக்காரணம் கொண்டும் புகையிலைப் பொருட்களுடன் உள்ளே வராதீர்கள்.'

ஜூன் 12, வியாழன்

மாதம் ஒரு முறை பழைய நாளிதழ்களை எடைக்குப் போடுவோம். இப்போது அதுவும் அகற்றல் ஆகிவிடும் என்பதால் போடவில்லை. மழையில் நனைந்து ஒட்டிக்கொண்ட தோட்டக்கலை நூலை யாராலும் திறக்க முடியாது. அதையும் வாசகர் பார்வையில் வைத்திருக்கிறோம். கரையான் அரித்த கலைக்களஞ்சியத்தின் நான்காம் தொகுதி அட்டை மட்டும் மிஞ்சி நிற்கிறது.

அலமாரிகளைத் துடைத்துக்கொண்டிருந்த இசக்கியப்பன் நின்றார். "மேடம், பீரோல ஒண்ணு கெடக்கே. அதயும் வெளிய வைக்கணும்லா? அதுவும் பார்வையிலேர்ந்து அகத்துனதுதான?"

பைண்டிங்குக்குப் போக வேண்டிய புத்தகம் என்றேன்.

"நாலு வருசமாவா?"

பைண்டர் வருவதில்லை என்றேன். அது உண்மை. அவர் இறந்து மூன்று வருடமாகிறது.

ஜூன் 16, திங்கள்

பிரிவு இரண்டு நூலகத்துக்குள் மட்டும் என்று எங்கும் சொல்லவில்லை என்பதை ஊர் கண்டுபிடித்துவிட்டது. கண்டுபிடித்துச் சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியும். எட்டேகால் முதல் என் கூடத்தில்தான் தூங்குகிறார்.

பேருந்து நிலைய நடைபாதைக் கடைகளை எடுக்க இன்று பேரூராட்சி ஆட்கள் லாரியோடு வந்தார்கள். கடைக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொரு தாளை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். பூக்கடைக்காரர் பஞ்சாங்கம். மீன்காரம்மா மீன் பொதிந்த நாளிதழ். ஈரமாக இருந்தது, பிரித்துப் படித்தார். தக்காளிக் கடை கனகு பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

மேற்பார்வையாளர் அவளிடம், "ஏட்டி, ஒனக்குப் படிக்கவே தெரியாதே!" என்றார்.

"படிச்சிட்டிருக்கேம்லா, பேச்சுக் குடுக்காதியும்" என்றாள் கனகு.

ஒரு மணி நேரம் நின்றுவிட்டு லாரி திரும்பிப் போயிற்று. போவதற்குமுன் ஓட்டுநர் அரைக் கிலோ தக்காளி கேட்டார். படித்து முடிக்கட்டும் என்று காத்திருக்கச் சொன்னார்களாம்.

ஜூன் 18, புதன்

பிரம்மசக்தி இரண்டு நாளாகக் காலையில் அரை மணி நேரம் வந்து நின்றபடி படிக்கிறாள். உட்கார்ந்தால் எழ மனம் வராதாம். அந்த அரை மணி நேரத்துக்காக நூறு பீடி குறைகிறது, கடைக்காரர் ஏசுகிறார். இரண்டாம் பாகம் நானூற்று இருபது பக்கம். இந்த வேகத்தில் தேர்வுக்குள் முடியாது.

போகும்போது கேட்டாள்: "ஏம் மேடம், இத எழுதுன மகராசன் ஒரு நாளாவது பீடி சுத்திருப்பானா?"

"ஆண் என்று எப்படித் தெரியும்?" என்றேன்.

"யாரா இருந்தா என்ன. நல்ல மனசுதான். புத்திதான் கொஞ்சம் கம்மி."

இசக்கியப்பன் சுவரில் உள்ள பலகைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எக்காரணம் கொண்டும் பக்கங்களை மடிக்காதீர்கள். எக்காரணம் கொண்டும் எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள். எக்காரணம் கொண்டும் உரக்கப் பேசாதீர்கள்.

"சட்டத்துல உள்ளது நம்ம போர்டு மாதிரியே இருக்குலா மேடம்?"

தண்ணீர்க் குடத்தை நிரப்பச் சொன்னேன்.

ஜூன் 20, வெள்ளி

நூலக விடுமுறை. துணிகளை நனைத்தேன். மிக்ஸி ஜாடியைக் கடையில் கொடுத்தேன். நான்கு வருடத்துக்கு முன், அரசு பொதுமக்களிடம் யோசனை கேட்டபோது நான் அனுப்பிய கடிதத்தின் நகலைத் தேடினேன். வரித் தாள்களுக்கு அடியில் கிடைத்தது. மூன்றாவது பத்தியைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். அடியிலேயே வைத்துவிட்டேன்.

துணிகளை அலச மறந்துவிட்டேன்; மாலைவரை வாளியில் கிடந்தன.

ஜூன் 23, திங்கள்

ஒன்று நடந்தது.

பிரம்மசக்தி வழக்கம்போல நின்றுகொண்டு படித்தாள். தெருவில் பீடிக்கடை மணி அடித்தது. புறப்படும் நேரம். கால் புறப்பட்டது, கண் புறப்படவில்லை. ஒரு கையில் பை, ஒரு கையில் விரித்த புத்தகம். அலமாரியைத் தாண்டி, என் மேசையைத் தாண்டி, வாசலைத் தாண்டிவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. அவள் முகம் எனக்குத் தெரிந்தது. அந்த முகத்தில் வாசல் இல்லை.

"ஏம்மா, புக்கு!" என்று இசக்கியப்பன் ஓடினார்.

"இசக்கியப்பன், தடுக்காதீங்க" என்றேன்.

"மேடம்?"

"படிச்சிட்டிருக்காங்க."

தளவாய் சார் இரண்டு கண்ணையும் திறந்தார். "பிரிவு ரெண்டு" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "பிரிவு ஒண்ணும் மீறலையே. வாசகர் பார்வையிலதான புஸ்தகம் போகுது" என்றார். அவர் நீதிமன்றத்தில் இன்னும் மேலே போயிருக்க வேண்டியவர்.

மூவரும் வாசலில் நின்று பார்த்தோம். பேருந்து நிலையத்தைச் சுற்றி, லாரிக்காரர் பிரேக் போட, பசு விலகிக்கொள்ள, பிரம்மசக்தி வீடுவரைக்கும் படித்துக்கொண்டே போனாள்.

ஜூன் 25, புதன்

நேற்றுக் காலை படித்துக்கொண்டே திரும்பி வந்தாள், இரண்டு கன்னமும் சிவக்க. "தெரியாமக் கொண்டுபோயிட்டேன் மேடம். போலீஸ்ல சொல்லிருவீங்கன்னு ராத்திரி பூரா தூங்கல. தூங்காததுக்கு அம்பது பக்கம் படிச்சிட்டேன்."

நான் புத்தகத்துக்குக் கை நீட்டவில்லை. அவள் அதைச் சரியாகவே புரிந்துகொண்டாள். போகும்போதும் படித்துக்கொண்டே போனாள்.

இன்று பதினோரு பேர் அப்படிப் போனார்கள். செவிலியர் ஒருவர் சமையல் குறிப்பு. இரண்டு ஆசிரியர்கள். தொடர்கதை வாசகிகள் மூவர் ஒரே புத்தகத்தை நடுவில் பிடித்துக்கொண்டு, ஒருவர் புரட்ட மற்ற இருவர் அதட்ட, ஒன்றாக வாசலைத் தாண்டினார்கள். இரவல் பதிவேட்டில் எதுவும் எழுதவில்லை. இது இரவல் அல்ல. என்னவென்று எனக்கும் தெரியவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

மிக்ஸி ஜாடி வந்துவிட்டது. படிவத்தின் கட்டம் காலியாகவே போயிற்று.

ஜூலை 2, புதன்

கோகுலநாதன் மறுபடியும் அழைத்தார். "வெள்ளப்பேரியில ஜனங்க ரோட்ல படிச்சிட்டுப் போறாங்களாமே? பஸ்காரங்க கலெக்டருக்கு மனு குடுத்திருக்காங்க. சனிக்கிழமை நேர்ல வர்றேன். புத்தகம் ஒண்ணு குறைஞ்சாலும் உங்களத் தற்காலிகமா நீக்கச் சொல்லித்தான் எழுதணும். வேற வழியில்ல."

சனிக்கிழமை ஜூலை 5. மறுநாள் தேர்வு.

இசக்கியப்பன் எண்ணிப் பார்த்தார். நாற்பத்து இரண்டு புத்தகங்கள் வெளியே. "நான் சைக்கிள்ல போயி நாப்பத்தொண்ண வாங்கிட்டு வந்துருவேன் மேடம். சக்திகிட்டதான் எப்படிக் கேக்கதுன்னு தெரியல. இன்னும் எம்பது பக்கம் இருக்காம்."

யாரிடமும் கேட்க வேண்டாம் என்றேன். ஒருவரிடம் மட்டும் கேட்காமல் இருந்தால் அது பாரபட்சம். அதனால்தான்.

ஜூலை 5, சனி

முழுவதையும் எழுதிவிடுகிறேன். நாளை முதல் எழுத நேரம் நிறையக் கிடைக்கலாம்.

கோகுலநாதன் பத்து மணிக்கு வந்தார். நான் நினைத்ததைவிடச் சிறிய மனிதர், கையில் குடை. அலமாரிகளைச் சரிபார்த்தார். அட்டை மட்டும் மிஞ்சிய கலைக்களஞ்சியத்தைக் கையில் எடுத்து, அட்டைக்கு நடுவே என்னைப் பார்த்தார்.

"நாப்பத்திரெண்டு இல்லையேம்மா. எங்க?"

"வாசகர்கள் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள் சார்."

"எல்லாருமா? இந்த நிமிஷமா?"

"எனக்குத் தெரியவில்லை சார்."

"ஒண்ணையாவது காட்டுங்க, போவோம்."

பிரம்மசக்தி வீட்டுக்கு அழைத்துப்போனேன். அதுதான் பக்கம். அவள் முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சுளகு. எதிரே அரிசி டப்பாவில் சாய்ந்து இரண்டாம் பாகம், பக்கம் பறக்காமல் இருக்கத் துணிக் கிளிப். விரல்கள் இலையில் தூளை வைத்துச் சுருட்டி நூலைக் கட்டிக்கொண்டே இருந்தன; கண் அங்கே இல்லை. கையெல்லாம் புகையிலைத் தூள் என்பதால் பக்கம் புரட்டுவது மாமியார் வேலை. பிரம்மசக்தி "ம்" என்றால் மாமியார் புரட்டுவார். அவருக்கு எழுத்துத் தெரியாது.

கோகுலநாதன் தொண்டையைச் செருமினார். மாமியார் உதட்டில் விரலை வைத்தார்.

"படிக்கா சார். கூப்பிடாதிய. கூப்பிட்டா சட்டப்படி குத்தமாம்லா."

கோகுலநாதன் அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். என் பக்கம் சாய்ந்து, "உண்மையிலேயே படிக்குதா அந்தப் பொண்ணு?" என்று காதோடு கேட்டார். கைகள் வேறு வேலை செய்துகொண்டிருப்பதால் சந்தேகம் நியாயமானது. நான் தோளைக் குலுக்கினேன்.

கால் மணி நேரம் அப்படியே போயிற்று. உள்ளே பால் பொங்கும் வாசனை வந்தது; மாமியார் ஓடினார். அந்த நேரம் பார்த்து "ம்" கேட்டது. யாரும் புரட்டவில்லை. "ம்" இன்னொரு முறை, கொஞ்சம் கோபமாக. கோகுலநாதன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். எழுந்து போய், கிளிப்பைக் கழற்றி, பக்கத்தைப் புரட்டி, மறுபடியும் மாட்டினார். அங்கேயே குந்திக்கொண்டார்.

பிரம்மசக்தி கண்ணை மூடி முணுமுணுத்தாள். "வேலூர்ப் புரட்சி, ஆயிரத்து எண்ணூத்தி ஒம்பது, ஜூலை பத்து..."

"ஆறும்மா" என்றார் கோகுலநாதன். "ஆயிரத்து எண்ணூத்தி ஆறு."

"ஆறா?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"ஆறுதான். நான் எழுதின பரிட்சையில கேட்டான். ஒம்பதுன்னு எழுதிட்டு வந்தேன். முப்பது வருஷமா மறக்கல."

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். நான் நின்றதைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள், முகம் வெளுத்தது.

"சார்," என்றேன், "வாசித்துக்கொண்டிருந்தவருக்கு இடையூறு. பிரிவு இரண்டு."

அவர் எழுந்தார். "நாளைக்கு எந்த ஊர்ல சென்டர்?" என்று மட்டும் அவளிடம் கேட்டார். தென்காசி என்றாள். புத்தகத்தை எடுக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் அரிசி மண்டிக்கு முன்னால் நின்றார். "இந்தச் சட்டத்த எவன்மா எழுதியிருப்பான்?"

"நான்தான் சார்."

சொல்ல நினைத்திருக்கவில்லை, வந்துவிட்டது. பிறகு மீதியையும் சொன்னேன். ஓய்வு பெற்ற நில அளவையர் ஒருவர் எங்கள் ஊர்க் குளத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, சொந்தமாக அச்சடித்து, நூலகத்துக்கு ஒரு பிரதி தந்தார். குளம் எங்கே இருந்தது, இப்போது அதன்மேல் யார் யார் கட்டடம் நிற்கிறது என்று புல எண்ணோடு எழுதியிருந்தார். பழைய பேரூராட்சித் தலைவர் ஒருநாள் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். காபி வேண்டாம் என்றார். பத்து நிமிடத்தில் நான் அந்தப் புத்தகத்தை எடுத்து பீரோவில் வைத்துவிட்டேன். 'பைண்டிங்' என்று பதிவேட்டில் எழுதினேன். அந்த மாதம்தான் அரசு யோசனை கேட்டது. எவரும் எக்காரணம் கொண்டும் என்று எழுதி அனுப்பினேன். கோபத்தில் எழுதினேன். யார்மேல் கோபம் என்று கடிதத்தில் எழுதவில்லை.

"நீங்க எழுதினத அப்படியேவா எடுத்துக்கிட்டாங்க?"

"ஒரு கால்புள்ளிகூட மாற்றவில்லை சார்."

கோகுலநாதன் மண்டியை அண்ணாந்து பார்த்தார். மூன்று மாடி, பழைய தலைவருடையது. "இதுதான் குளமா?"

"நடுக் குளம்."

"நாளைக்குச் சொல்றேன்" என்று பேருந்து ஏறிவிட்டார். எப்படிச் சொல்வார் என்று ஊகிக்க விரும்பவில்லை. இரண்டு மாதச் சம்பளம் சேமிப்பில் இருக்கிறது. ஜாடியும் சரியாகிவிட்டது.

ஜூலை 6, ஞாயிறு

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஏழே முக்காலுக்கு நூலகத்தைத் திறந்ததும் பீரோவிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துத் துடைத்து, வாசலுக்கு நேர் அலமாரியில் வைத்தேன். இசக்கியப்பன் பார்த்தார். "பைண்டிங் முடிஞ்சிட்டா மேடம்?" என்றார். முடிந்துவிட்டது என்றேன்.

தளவாய் சார் வந்தார். நாளிதழ் இன்னும் வராததால் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். எட்டேகால் ஆயிற்று. எட்டரை ஆயிற்று. தூங்கவில்லை. ஒன்பது மணிக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

பத்து மணிக்குத் தொலைபேசி. "நேத்து மழையினால வெள்ளப்பேரி ஆய்வுக்கு வர முடியலன்னு எழுதியிருக்கேன்" என்றார் கோகுலநாதன்.

"நேற்று மழையே பெய்யவில்லையே சார்."

"குடை கொண்டுவந்தேன்லம்மா" என்று வைத்துவிட்டார்.

பதினொன்றரைக்கு இசக்கியப்பன் சாவிக்கொத்தை ஆட்டினார். தளவாய் சார் காதில் விழவில்லை. பன்னிரண்டு மணிக்குத் தானாகவே எழுந்தார், கண்ணைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல். வாசலைத் தாண்டும்போது உரக்கவே படிக்கத் தொடங்கியிருந்தார். பேருந்து நிலையம் பக்கம் திரும்பவில்லை. மண்டி இருக்கும் பக்கம் திரும்பினார். இசக்கியப்பன் இன்றும் 11.40-ஐ விட்டுவிட்டார், இம்முறை குறைப்படவில்லை, வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே போய்விட்டார். மண்டி வாசலில் கூட்டம் கூடியதாம். பழைய தலைவர் வெளியே வந்து, "யோவ், நிறுத்துமய்யா" என்றாராம். கூட்டத்திலிருந்து கனகு, "படிச்சிட்டிருக்காவ, பேச்சுக் குடுக்காதியும்" என்றாளாம். புல எண் அறுபத்தொன்றுவரை போயிருக்கிறது.

ஐந்து மணிக்குப் பிரம்மசக்தி தென்காசியிலிருந்து நேரே வந்தாள். இரண்டாம் பாகம் கையில் மூடியிருந்தது. இரண்டு வாரத்தில் ஒரு புத்தகம் மூடியபடி இந்த வாசலுக்குள் வருவது இதுவே முதல் முறை. இசக்கியப்பன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சட்டென்று வாங்கி அலமாரியில் வைத்தார்.

"எப்படி எழுதினே?"

"வேலூர் வந்துச்சு மேடம். ஆறுன்னே எழுதிட்டேன். அந்த சார்கிட்ட சொல்லிருங்க." நுழைவுச்சீட்டை மடித்துப் பையில் வைத்தாள். "மத்தது தெரியல. முடிவு வர மூணு மாசமாவும்."

போகாமல் அலமாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் என்ன? தேர்வுதான் முடிந்துவிட்டதே."

"சும்மா படிக்கதுக்கு ஏதாவது இருக்கா மேடம்? கேள்வி கேக்காத புக்கு."

ஒரு நாவலைக் கொடுத்தேன். என்ன நாவல் என்று கேட்கவில்லை. முதல் பக்கத்தை விரித்தாள். சட்டத்துக்காக விரிப்பதுபோல, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே விரித்தாள். இரண்டு அடி வைத்ததும் சிரிப்பு நின்றது. வாசலில் உள்ள உடைந்த படி நான்கு வருடமாக அவளுக்குத் தெரிந்த படி. அதில் தடுமாறினாள். விழவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

ஏழு மணிக்கு வாராந்திரப் படிவத்தை எடுத்தேன். வந்தோர் 231. பக்கத்துக் கட்டத்தில் 2 என்று எழுதினேன்.